தோண்டுவதற்கு முன் கடலைப் படியுங்கள்

கொல்கத்தா துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் போய்ச் சேர வேண்டுமானால், வங்கக் கடலை விட்டு ஹூக்ளி ஆற்றுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேல் ஏறிச் செல்ல வேண்டும். வழி நெடுகத் தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள். மழைக்காலத்துக்கு முன் ஓரிடத்தில் இருந்த திட்டு, மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் இருப்பதில்லை. திட்டுகளின் மேல் ஓத நீர் ஏறி நிற்கும் சில மணி நேரத்துக்குள் கப்பல் அவற்றைத் தாண்டிவிட வேண்டும். தவறினால், அடுத்த ஏற்றத்துக்காக நங்கூரமிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். அதனால்தான் ஹூக்ளி பைலட்டுகள், கடலிலிருந்து ஏறி வரும் ஓதத்தோடு சேர்த்தே கப்பலையும் மேலே கொண்டு வருகிறார்கள். சாகர் தீவில் நீர்மட்டம் உச்சம் தொட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் கொல்கத்தாவில் உச்சம் வரும். ஓதத்தைப் பிடித்துக்கொண்டு மேலேறும் கப்பலுக்கு வழி முழுவதும் ஆழம் கிடைத்துக்கொண்டே இருக்கும். சரக்கேற்றித் திரும்பும் கப்பலுக்கு அந்த வசதி இல்லை. அது இறங்க இறங்க ஆறும் வற்றிக்கொண்டே போகும். பாதி வழியில் நின்று, அடுத்த ஏற்றம் வந்த பிறகு மீண்டும் புறப்பட வேண்டியிருக்கும்.

தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் ஹூக்ளியில் வந்து சேரும் பகுதியில் ஒரு பொல்லாத மணல் திட்டு உண்டு. 1694-இல் அங்கே சிக்கி அழிந்த 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பலின் பெயரே இன்றுவரை அந்தத் திட்டின் பெயர். நேரம் தப்பினால் ஆறு என்ன செய்யும் என்பதை மூன்று நூற்றாண்டுகளாக அந்தப் பெயர் ஒவ்வொரு மாலுமிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பழைய அனுபவம் இருந்தும், இந்தியாவில் துறைமுக வளர்ச்சி என்று பேச்சு எடுத்தாலே முதலில் வரும் சொல் தூர்வாருதல்தான். எத்தனை மீட்டர் ஆழப்படுத்தப் போகிறோம், அதற்கு எத்தனை கோடி என்பதே செய்தியாகிறது. கடல் தானாகவே எவ்வளவு ஆழத்தைத் தருகிறது, எந்த நாளில் எந்த மணியில் தருகிறது, அதை நாம் எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறோம் என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும்.

ஓதத்தை நம்பித் துறைமுகம் நடத்துவது இந்திய மண்ணுக்குப் புதிதல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற வணிகர் கையேடு, நர்மதை முகத்திலிருந்த பாரிகாசா துறைமுகத்தை, அதாவது இன்றைய பரூச்சை, விரிவாக விவரிக்கிறது. அரசரின் பணியிலிருந்த உள்ளூர் மீனவர்கள் வெகுதூரம் கடலுக்குள் சென்று அந்நியக் கப்பல்களை எதிர்கொண்டு, ஏற்ற ஓதம் தொடங்கும் வேளை பார்த்து உள்ளே இழுத்து வந்தார்கள்; நீர் வற்றும் நேரத்தில் ஆழமான மடுக்களில் நிறுத்தி வைத்தார்கள். அமாவாசையை ஒட்டி அங்கே ஓதம் எவ்வளவு மூர்க்கமாக இருக்கும் என்ற எச்சரிக்கையும் அந்த நூலில் இருக்கிறது. துறைமுகம், பைலட், ஓத அட்டவணை என்ற மூன்றும் அன்றே ஒரே ஆளிடம் இருந்தன. அட்டவணை அவர் தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தத் தலைக்கணக்கைத் தாளுக்குக் கொண்டு வந்த கதையிலும் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. நிலவும் சூரியனும் கடலை இழுக்கின்றன. நிலவு நம் தலைக்கு மேல் மீண்டும் வர 24 மணி 50 நிமிடம் ஆவதால், பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பெரிதாகிறது. அட்டமியை ஒட்டிச் சிறுக்கிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம். ஆனால் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தில் அடுத்த ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி மாலை நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று சொல்ல வானியல் மட்டும் போதாது. கரையின் வளைவு, கடற்படுகையின் சரிவு, ஆற்றின் அகலம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனிக்குணம் இருக்கிறது. அந்த இடத்தில் நீர்மட்டத்தை நீண்ட நாள் அளந்து, அந்த அளவுகளைப் பல அலைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலையின் உயரத்தையும் நேரத்தையும் கண்டுபிடித்தால்தான் வருங்காலத்தைக் கணிக்க முடியும். நிலவின் பாதை ஒரு முழுச் சுற்றை முடிக்க 18.6 ஆண்டுகள் ஆவதால், ஏறக்குறைய 19 ஆண்டு அளவீடு கையிலிருந்தால் கணிப்பு உறுதியாக இருக்கும்.

1870-களில் ஏ.டபிள்யூ. பேர்ட் என்ற அதிகாரி கட்ச் வளைகுடாவில் ஓதமானிகளை நிறுவி இந்த வேலையைத் தொடங்கினார். மும்பை அப்போலோ பந்தரில் 1878 முதல் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. இந்தியப் பெருங்கடலின் மிகப் பழைய தொடர் பதிவுகளில் அது ஒன்று. 1879-இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்து, இந்தியத் துறைமுகங்களுக்காகவே லண்டனில் ஓர் எந்திரம் கட்டப்பட்டது. ஓதத்தின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கப்பி. எல்லாக் கப்பிகளின் அசைவையும் ஒரே கம்பி கூட்டித் தாளில் கோடாக வரையும். மனிதர்கள் மாதக்கணக்கில் போட வேண்டிய கணக்கை அது சில மணி நேரத்தில் முடித்தது. நம் கடல் வரைபடங்களில் ஆழத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்ற கேள்விக்கு விடை தந்தவர் பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின். ஏறக்குறைய மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தை அவர் சுழியமாக வைத்தார். வரைபடத்தில் 9 மீட்டர் என்றிருந்தால், கடல் நன்றாக வற்றிய வேளையில் இருக்கும் ஆழம் அது. அதற்கு மேல் ஓதம் கொடுப்பதெல்லாம் உபரி.

இதே ராபர்ட்ஸ் 1906-இல் வடிவமைத்த இன்னோர் எந்திரம்தான், 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் எந்த மணியில் இறங்கலாம் என்று கணிக்க உதவியது. கணித்தவர் லிவர்பூலைச் சேர்ந்த ஆர்தர் டூட்சன். எந்தக் கரைக்கான கணக்கு அது என்பது அவருக்கே சொல்லப்படவில்லை.

நம் காலத்தில் எல்லோரும் பார்த்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' கப்பல் 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. மீட்புக் குழுவினர் இரவு பகலாக மணலைத் தோண்டினார்கள். இழுவைப் படகுகள் இழுத்தன. ஆனால் எந்த நாளுக்குள் எவ்வளவு மணலை அகற்றி முடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது ஓத அட்டவணை. மார்ச் 28 பௌர்ணமி. அதை ஒட்டி வந்த பெரிய ஏற்றத்தில், 29-ஆம் தேதி கப்பல் மிதந்தது. தோண்டலும் ஓதமும் சேர்ந்து செய்த வேலை அது. இரண்டில் ஒன்று எந்த நேரத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் மற்றொன்றை அளவோடு செய்ய முடிந்தது.

துறைமுகங்களின் அன்றாடத்தில் இந்தக் கணக்குக்கு எவ்வளவு மதிப்பு? 290 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரிய நிலக்கரிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். அது நீருக்குள் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்க ஏறத்தாழ 120 டன் சரக்கு ஏற்ற வேண்டும். நீர்மட்டத்தில் 10 சென்டிமீட்டரை நம்பிக்கையோடு கூடுதலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தால், அதே கப்பல், அதே பயணச் செலவில், 1,200 டன் அதிகம் கொண்டு வரும்.

இதை உலகிலேயே முழுமையாகப் பயன்படுத்தும் இடங்களில் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்ட். ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்கும் மேல் சரக்கு, பெரும்பாலும் இரும்புத் தாது, அங்கிருந்து வெளியேறுகிறது. கடலுக்குப் போகும் கால்வாய் 40 கிலோமீட்டருக்கும் நீளமானது. பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறி இறங்கும். வரைபட ஆழத்தைவிட அதிகமாக நீருக்குள் அமிழ்ந்திருக்கும் கப்பல்கள், உச்ச ஓதத்தைக் கணக்கிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் புறப்படுகின்றன. முதல் கப்பல் எத்தனை மணிக்கு, கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு, யாருக்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் நீர்மட்டக் கணிப்பை வைத்தே முடிவாகிறது. ஒரு கப்பல் நடுவழியில் தரைதட்டினால், வற்றும் நீரில் முழுக் கால்வாயும் அடைபட்டுவிடும். அத்தனை பெரிய வணிகம் ஒரு கணிப்பை நம்பி நடக்கிறது என்றால், அந்தக் கணிப்பு அவ்வளவு கவனமாகச் செய்யப்படுகிறது என்று பொருள்.

ஆஸ்திரேலியர்கள் அட்டவணையோடு நிற்கவில்லை. 1993-இல் குயின்ஸ்லாந்தின் ஹே பாயிண்ட் துறைமுகத்தில், கப்பலின் அடிக்கும் கடல் தரைக்கும் உள்ள இடைவெளியை அந்தந்த நேரத்து அலை, ஓதம், வேகம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் முறையைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் எல்லாத் துறைமுகங்களையும்போல, எந்த நாளானாலும் இத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற நிலையான விதிதான் இருந்தது. நிலையான விதிக்கு இரண்டு குறைகள் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் நாளில் அது வீணாகச் சரக்கைக் குறைக்கிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் அது போதாமல் போகிறது. முதலாவது பண இழப்பு, இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

தூர்வாருதல் வேண்டாம் என்பதல்ல வாதம். ஹூக்ளியில் அது இல்லாமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. ஆனால் அது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அல்ல. எடுத்த மண்ணை ஆறு திரும்பக் கொண்டு வந்து போடும். ஹூக்ளியின் வண்டலை அடித்துச் செல்லக் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்பதற்காகவே கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை கட்டப்பட்டு 1975-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகும் ஹூக்ளிக் கரையிலுள்ள ஹால்டியா துறைமுகத்தில் ஆழப் பற்றாக்குறை தீரவில்லை. பெரிய கப்பல்கள் பாரதீப்பிலோ விசாகப்பட்டினத்திலோ பாதிச் சரக்கை இறக்கிவிட்டு எடை குறைந்த பிறகே அங்கே போகின்றன. தூர்வார மத்திய அரசு பல்லாண்டுகள் மானியம் கொடுத்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கான எல்பே ஆற்றை ஆழப்படுத்தும் திட்டம் நீண்ட வழக்குகளைக் கடந்து 2022 ஜனவரியில் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வண்டல் படிந்து, கப்பல்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த ஆழத்தில் பெரும்பகுதியை அதிகாரிகள் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வாரிய மண்ணைக் கொட்டும் இடத்தில் மீன்பிடிக்கும் மக்களுக்கு ஏற்படும் இழப்பு இந்தக் கணக்குகளில் வருவதே இல்லை.

ஓதத்துக்காகக் காத்திருந்தால் நேரம் வீணாகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாரக் கால அட்டவணைப்படி துறைமுகம் துறைமுகமாக ஓடும் கன்டெய்னர் கப்பலுக்கு நான்கு மணி நேரத் தாமதம் பெரிய தொல்லை. அத்தகைய கப்பல்களுக்கு விழிஞ்ஞம் போல இயற்கையிலேயே ஆழமான இடம் வேண்டும். ஆனால் நிலக்கரி, உரம், தாது, எண்ணெய் ஏற்றி வரும் கப்பலின் நிலை வேறு. எந்த நாளில் எந்த மணிக்குக் கதவு திறக்கும் என்று பத்து நாள் முன்பே அதற்குச் சொல்லிவிட்டால், நடுக்கடலிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்து சேரலாம். கப்பலை உந்தத் தேவைப்படும் விசைத்திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும் என்பதால், வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அதே தூரத்துக்கு எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இன்று பல கப்பல்கள் விரைந்து வந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நாள் கணக்கில் நிற்கின்றன. காத்திருப்புக்குக் காரணம் ஓதமல்ல, திட்டமில்லாமைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியம். அட்டவணை என்பது நிலவும் சூரியனும் என்ன செய்யும் என்ற கணிப்பு. காற்று என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த நீர் எந்த ஓத அட்டவணையிலும் இல்லை. ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாத அந்தக் கரையில் புயல் கடலைப் பல மீட்டர் உயர்த்தி நிலத்தின் மேல் கொண்டு வந்தது. புயல் இல்லாத நாட்களிலும் கடல்மட்டம் பருவத்தோடு மாறுகிறது. சென்னைக் கரையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்தும், மார்ச், ஏப்ரலில் தாழ்ந்தும் இருக்கும். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் பலத்த காற்று நீரைத் தள்ளிக்கொண்டு போனால், அட்டவணை சொன்ன ஆழம் அங்கே இருக்காது.

நீர்மட்டம் சரியாகவே இருந்தாலும் கப்பலின் கணக்கு தவறலாம். 1992 ஆகஸ்ட் 7 அன்று 'குயின் எலிசபெத் 2' என்ற புகழ்பெற்ற பயணிகள் கப்பல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அருகே பாறையில் உரசிச் சேதமடைந்தது. ஆழம் குறைந்த நீரில் வேகமாகச் செல்லும் கப்பல் கீழே அமுங்கும். எவ்வளவு அமுங்கும் என்று அன்று குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். அவர்கள் நம்பிய வரைபடத்தின் ஆழ அளவுகளோ 1939-இல் எடுத்தவை. பாறை அதில் காட்டியதைவிட மேலே இருந்தது. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல் நன்னீரின் அடர்த்திக் குறைவால் இன்னும் சற்று அமிழும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓதக் கணிப்பு இந்தக் கூட்டல் கழித்தலில் ஓர் எண். மற்ற எண்களும் அதே அளவுக்குச் சரியாக இருந்தால்தான் விடை சரியாக வரும்.

ஆகவே கணிப்பு ஒரு கையிலும், அந்த நிமிடத்தில் ஓதமானி காட்டும் அளவு மறு கையிலும் இருக்க வேண்டும். அமெரிக்கா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1980 மே 9 அன்று ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் கடும் மழைக்காற்றில் ஒரு சரக்குக் கப்பல் ஸ்கைவே பாலத்தில் மோதியது. பாலம் உடைந்து 35 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த விரிகுடாவில்தான் நீர்மட்டம், நீரோட்டம், காற்று ஆகியவற்றை உடனுக்குடன் அளந்து அறிவிக்கும் முதல் அமைப்பை அந்நாட்டுக் கடல் ஆய்வு நிறுவனமான நோவா நிறுவியது. இன்று பல துறைமுகங்களில் அது இருக்கிறது. கப்பல் கேப்டனும் படகில் மீன்பிடிக்கப் போகிறவரும் ஒரே எண்ணை, கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.

உலகக் கப்பல் துறையும் இதே திசையில் நகர்கிறது. நீர்மட்டத்தை வரைபடத்தின் மேலேயே நேரடியாகக் காட்டும் 'எஸ்-104' தரத்தைச் சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு உருவாக்கியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த புதிய மின்னணு வரைபடக் கருவிகளைக் கப்பல்களில் பொருத்த 2026 ஜனவரி 1 முதல் அனுமதி உண்டு. 2029 முதல் புதிதாகப் பொருத்தப்படுபவை அத்தகையவையாகத்தான் இருக்க வேண்டும். கருவி கப்பலில் இருந்தால் போதுமா? அதில் காட்டத் துறைமுகம் எண்ணைத் தர வேண்டும்.

அந்த எண்ணைத் தரும் ஆற்றல் இந்தியாவுக்கு இருக்கிறது. டேராடூனிலிருந்து இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணைகளை வெளியிடுகிறது. ஹூக்ளிக்கு மட்டும் தனி அட்டவணையே உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, ஹைதராபாத்தில் 2007-இல் தொடங்கப்பட்ட எச்சரிக்கை மையத்துக்காகக் கடற்கரை நெடுக ஓதமானிகள் உடனுக்குடன் தகவல் அனுப்புகின்றன. சுனாமியைக் கண்காணிக்க நிறுவிய கருவி, சுனாமி வராத மற்ற எல்லா நாளும் கப்பலுக்கும் படகுக்கும் உழைக்கலாம்.

தமிழ்நாட்டில் ஓதம் சிறியதுதான். பெரிய ஓத நாளிலும் சென்னையில் நீர்மட்ட வேறுபாடு சுமார் ஒரு மீட்டர். தூத்துக்குடியில் அதைவிடக் குறைவு. காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் ஏறும் நீரின் பக்கத்தில் இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அனல்மின் நிலைய நிலக்கரி கொண்டு வரும் 225 மீட்டர் நீளக் கப்பலுக்கு 10 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 650 டன். அரை மீட்டரை உறுதியாகச் சொல்ல முடிந்தால் 3,000 டன்னுக்கும் மேல். மின்வாரியம் கொடுக்கும் கப்பல் வாடகை கடைசியில் மக்களிடம்தான் வந்து சேருகிறது.

சிறிய ஓதம் சிறிய படகுக்கு இன்னும் முக்கியம். பழவேற்காட்டில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குப் போகும் ஃபைபர் படகுக்கு அரை மீட்டர் தண்ணீர் என்பது போவதா வேண்டாமா என்ற கேள்வி. வற்று நேரத்தில் திரும்பி வந்தால் படகைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்; அலையும் சேர்ந்தால் படகு கவிழும். அந்த மீனவர்களுக்கு நிலவைப் பார்த்து ஓதம் சொல்லத் தெரியும். இன்றைய காற்றில் முகத்துவாரத்தில் உண்மையில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை ஓர் ஓதமானிதான் சொல்ல முடியும். துறைமுக விரிவாக்கத்துக்கு ஒதுக்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் ஓர் ஓதமானியின் விலை கணக்கில் வராத தொகை.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு பெருந்துறைமுகமும், மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழுள்ள சிறு துறைமுகமும், மீன்பிடித் துறைமுகமும், அன்றைய ஓதக் கணிப்பையும் அந்த நேரத்து ஓதமானி அளவையும் அருகருகே, கட்டணமின்றி, தமிழிலும் வெளியிட வேண்டும். கணித்ததும் அளந்ததும் எந்த அளவுக்கு ஒத்துப்போயின என்பதை ஆண்டு இறுதியில் அறிக்கையாகத் தர வேண்டும். கப்பலின் அடிக்குக் கீழே விட வேண்டிய இடைவெளியை நிலையான விதியாக வைத்திருக்கும் துறைமுகங்கள், அதை அலையும் ஓதமும் சொல்லும் கணக்குக்கு மாற்ற வேண்டும். இனி எந்தத் தூர்வாரும் திட்டத்துக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஓதத்தை முழுமையாகப் பயன்படுத்தினால் எவ்வளவு ஆழம் கிடைக்கும், அதற்கு மேல் எவ்வளவு மட்டும் தோண்ட வேண்டும் என்ற கணக்கைத் துறைமுக நிர்வாகங்கள் மக்கள் முன் வைக்க வேண்டும். கப்பல் போக்குவரத்து அமைச்சகம் இதை ஒரு நிபந்தனையாகவே ஆக்க வேண்டும்.